கையால் செய்யும் 6×6 ஸ்டீரியோ வியூவர்: லென்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரே காட்சியைச் சற்று விலகிய இரண்டு இடங்களிலிருந்து 120 ஃபிலிமில் எடுத்த 6×6 (செ.மீ.) ஸ்லைடுகள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து, கண்ணுக்கு ஒரு லென்ஸ் கொடுத்துப் பார்த்தால், மயிலைத் தெப்பக்குளமும் அதற்கு அப்பால் நிற்கும் கோபுரமும் தட்டையான படமாக இல்லாமல் நடுவே காற்று இருப்பதுபோல் எழுந்து நிற்கும். 35 மி.மீ. ஸ்லைடிலும் இந்த வித்தை நடக்கும். ஆனால் 6×6 ஃபிலிமின் பரப்பு அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். குளத்துப் படிகளின் கல் இடுக்கு வரை தெரியும்.

இந்த அளவுக்கென்று செய்த வியூவர் கடையில் கிடைப்பது அபூர்வம். செய்துகொள்ளத்தான் வேண்டும். பெட்டி பெரிய வேலை இல்லை. பெயர்ப்பலகைக் கடையில் விற்கும் 5 மி.மீ. சன்போர்டும் கட்டரும் போதும். தலைவலி லென்ஸில்தான், சில சமயம் நிஜமாகவே தலைவலி. “எந்தக் கம்பெனி லென்ஸ் நல்லது?” என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அது கடைசியில் கேட்க வேண்டியது. முதலில் மூன்று அளவுகள் சரியாக வேண்டும்: லென்ஸின் குவியத் தூரம் (வெகுதூரத்து ஒளியை லென்ஸ் எவ்வளவு தள்ளிக் குவிக்கிறது என்ற அளவு), இரண்டு லென்ஸ் மையங்களுக்கும் நடுவே உள்ள தூரம், லென்ஸின் விட்டம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் சாதாரண மூக்குக்கண்ணாடி லென்ஸே நன்றாக வேலை செய்யும். இவை தப்பினால் விலை உயர்ந்த லென்ஸும் கண்ணை வலிக்கத்தான் வைக்கும்.

குவியத் தூரம்

விதி எளியது: கேமரா லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவோ, வியூவர் லென்ஸுக்கும் ஏறக்குறைய அவ்வளவு. அப்போதுதான் நேரில் நின்று பார்த்தபோது கோபுரம் கண்ணில் எந்தக் கோணத்தை அடைத்ததோ, ஸ்லைடிலும் அதே கோணத்தை அடைக்கும். ஆழமும் இயல்பாக இருக்கும். சோவியத் ஸ்புட்னிக் ஸ்டீரியோ கேமராவின் லென்ஸ் 75 மி.மீ. சீனத் தயாரிப்பான டி.எல்.-120 கேமராவுக்கு 80. பழைய ஸ்டுடியோக்களில் புழங்கிய யாஷிகா-மேட் 124ஜி-யும் 80தான். அசையாத காட்சி என்றால் அந்த ஒற்றைக் கேமராவையே பக்கவாட்டில் ஆறேழு செ.மீ. நகர்த்தி இரண்டு படம் எடுத்து ஜோடி சேர்க்கலாம். ஆக, தேட வேண்டியது 75 முதல் 80 மி.மீ. வரையிலான லென்ஸ்.

கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன ஆகும்? ஸ்லைடு மவுன்ட்டின் (ஃபிலிமைப் பிடிக்கும் சட்டத்தின்) ஜன்னல் 52 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 80 மி.மீ. லென்ஸில் அந்தப் படம் 36 டிகிரி அகலத்துக்குத் தெரியும். 100 மி.மீ. லென்ஸில் 29 டிகிரிதான். ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் சிறுத்துவிடும், ஆழமும் இயல்பைவிட நீண்டு தெரியும். 60 மி.மீ. லென்ஸில் 47 டிகிரி. காட்சி கண்ணைச் சூழ்ந்துகொள்ளும், ஆனால் ஆழம் சற்று ஒடுங்கும், ஓரங்களில் லென்ஸின் குறைகள் எல்லாம் வெளியே வரும். அகலமான காட்சிக்கு ஆசைப்பட்டு 60-க்கு இறங்குவோர் உண்டு. முதல் வியூவருக்கு அது வேண்டாம். கைப்பேசி வி.ஆர். அட்டைப்பெட்டிகளில் வந்த 45 மி.மீ. லென்ஸ் இன்னும் மோசம். 25 மி.மீ. விட்டமே உள்ள அந்தக் குட்டி லென்ஸ் 60 டிகிரி அகலத்தைக் காட்டப் பார்த்து, நேர்க்கோடுகளை எல்லாம் வில்லாக வளைத்துவிடும்.

கையில் பெயர் தெரியாத லென்ஸ் இருந்தால் இரவில் கூரை விளக்கின் கீழ் அளக்கலாம். தரையில் வெள்ளைத் தாளை வைத்து, விளக்கின் பிம்பம் கூர்மையாக விழும் வரை லென்ஸை உயர்த்துங்கள். லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரம்தான் குவியத் தூரம் என்று அவசரமாகக் குறித்துவிடக் கூடாது. விளக்கு கிட்டத்தில் இருப்பதால் அளவு கொஞ்சம் கூடுதலாகவே வரும். விளக்கிலிருந்து லென்ஸ் 2,000 மி.மீ., லென்ஸிலிருந்து தாள் 83 மி.மீ. என்றால் உண்மையான குவியத் தூரம் 80. இரண்டு தூரங்களையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இது கிடைக்கும். வெயிலில் அளப்பது சுலபம்தான். தாள் புகையத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண்ணாடிக் கடைக்காரரிடம் மில்லிமீட்டர் பேசிப் பயன் இல்லை, அவருக்குப் பவர்தான் கணக்கு. 1,000-ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் பவர் வந்துவிடும். 80 மி.மீ. என்றால் பிளஸ் 12.50.

மையத் தூரம்: கண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

வீட்டில் செய்த வியூவர்களில் பெரும்பாலானவை கெட்டுப்போவது இந்த இடத்தில். “என் கண்மணிகளுக்கு இடையே 60 மி.மீ., அதனால் லென்ஸையும் 60-இல் வைக்கிறேன்” என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் லென்ஸ்களின் தூரத்தை முடிவு செய்ய வேண்டியது ஸ்லைடு, கண் அல்ல.

ஏன் என்று புரிய நிலாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நடக்க நடக்க நிலாவும் கூடவே வருவதுபோல் இருக்கும். நாம் எங்கே நின்றாலும் அது ஒரே திசையில்தான் தெரியும். வெகுதூரத்திலிருந்து வரும் ஒளி இணைகோடுகளாக வருவதே காரணம். ஸ்லைடைச் சரியாகக் குவியத் தூரத்தில் வைத்தால், அதில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளியும் லென்ஸைத் தாண்டியதும் இணைகோடுகளாகிவிடுகிறது. கண் லென்ஸின் நடுவே இருந்தாலும் மூன்று மி.மீ. ஒதுங்கி இருந்தாலும் அந்தப் புள்ளி ஒரே திசையில்தான் தெரியும். அதாவது, கண் விலகினால் திசை மாறாது. லென்ஸ் விலகினால் மாறும்.

இப்போது ஸ்லைடுக்கு வருவோம். 6×6 ஸ்டீரியோ மவுன்ட்டின் வழக்கமான அளவு 80 × 132 மி.மீ. அதில் இரண்டு படங்களிலும் உள்ள வெகுதூரப் பொருள், தொடுவானில் ஒரு கப்பல் என்று வையுங்கள், 62 முதல் 63 மி.மீ. இடைவெளியில் அமரும். அருகில் உள்ள பொருள்கள் அதைவிட இரண்டு, இரண்டரை மி.மீ. நெருக்கமாக இருக்கும். கப்பல்கள் 63-இலும் லென்ஸ் மையங்களும் 63-இலும் இருந்தால் இரு கண்களும் நேராகப் பார்க்கும், நிஜக் கடலைப் பார்ப்பதுபோலவே. கண் இடைவெளிக்குப் பொருத்துகிறேன் என்று லென்ஸ்களை 58-க்கு நெருக்கினால், 5 மி.மீ. வித்தியாசத்தில் கண்கள் 3.6 டிகிரி வெளிப்பக்கம் விரிய வேண்டியிருக்கும். கண்கள் உள்ளே திரும்பப் பழகியவை. வெளியே விரிவது இயற்கையில் அவற்றுக்கு வேலையே இல்லை. ஒரு டிகிரி போனாலே பலருக்குப் படம் இரண்டாகப் பிரியும், அல்லது பத்து நிமிடத்தில் நெற்றி கனக்கும்.

எனவே உங்கள் மவுன்ட்களில் நான்கைந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் மிகத் தொலைவில் உள்ள ஒரே பொருளை இடப் படத்திலும் வலப் படத்திலும் கண்டுபிடித்து, எஃகு ஸ்கேலால் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். இருப்பதிலேயே பெரிய அளவு எதுவோ அதுதான் லென்ஸ் மையத் தூரம். ஒரு மி.மீ. கூட்டி வைத்தாலும் கெடுதல் இல்லை. தொடுவானம் ஐந்து மீட்டர் தள்ளி இருப்பதுபோல் கண்கள் லேசாகக் குவியும், அவ்வளவுதான். குறைத்து மட்டும் வைக்காதீர்கள். லென்ஸ் தூரத்தை மாற்றும் திருகு வைத்த வியூவர் பார்க்க கெட்டிக்காரத்தனமாக இருக்கும். வேலையை அது கெடுத்தே தீரும்.

அட்டைப் படங்களைப் பார்க்கும் பழைய ஹோம்ஸ் ஸ்டீரியோஸ்கோப்பின் லென்ஸ் கிடைத்தால் ஆசைப்பட வேண்டாம். அட்டையில் ஒட்டிய படங்கள் கண்களைவிட அதிக இடைவெளியில் இருப்பதால், அந்த லென்ஸ்கள் ஒரு பக்கம் தடித்துப் பட்டகமாக அமைந்திருக்கும். நம் ஸ்லைடுக்கு அந்தப் பட்டகம் தேவையே இல்லை.

விட்டம்

கண் இடைவெளி இங்கேதான் கணக்கில் வருகிறது. லென்ஸை நகர்த்தாமல் எல்லாருக்கும் பொருந்தச் செய்ய, லென்ஸைப் பெரிதாக்க வேண்டும்.

52 மி.மீ. சதுரத்தின் நடுவிலிருந்து மூலை வரை 37 மி.மீ. மூக்குக்கண்ணாடி போட்டவரின் கண்மணி லென்ஸிலிருந்து 25 மி.மீ. தள்ளி இருக்கும். 80 மி.மீ. லென்ஸில் மூலையைப் பார்க்கும்போது ஒளி லென்ஸின் மையத்திலிருந்து 25 × 37 ÷ 80, அதாவது ஏறத்தாழ 11.5 மி.மீ. தள்ளி வரும். கண்மணியின் பாதி 2 மி.மீ., கண் இடைவெளி வேறுபாட்டுக்கு 2.5 மி.மீ. சேர்த்தால் 16. ஆக 32 மி.மீ. விட்டம் கட்டாயம். பொருத்தும் விளிம்புக்கும் இடம் விட்டு 38 முதல் 40 வரை வாங்குங்கள். அதற்கு மேல் போனால் மூக்கு இடிக்கும், 63 மி.மீ. மையத் தூரத்தில் 40 மி.மீ. லென்ஸ்கள் இரண்டு வைத்தால் நடுவே மிஞ்சுவது 23 மி.மீ.தான். ஃபோட்டோவைப் பெரிதாக்கும் பழைய என்லார்ஜரில் விளக்கொளியைக் குவிக்கும் கன்டென்சர் லென்ஸ் பளபளவென்று ஆசை காட்டும், ஆனால் அதன் அகலத்துக்கு இரண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்காராது.

எங்கே, எதை வாங்குவது

தொடக்கத்துக்கு நம்முடைய சிபாரிசு கண்ணாடிக் கடைதான். கண்புரை அறுவை செய்து கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை பரவுவதற்கு முன், தாத்தா பாட்டிகள் போட்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடி பிளஸ் 10, பிளஸ் 12 பவர்தான். இன்றும் ஆர்டர் கொடுத்தால் வரும். ஆனால் அந்தப் பவரில் நடுவட்டம் மட்டும் பவர் உள்ள, சுற்றிலும் தட்டையான வகை வரக்கூடும். நடுவட்டம் 40 மி.மீ. இல்லையென்றால் அது உதவாது.

அதைவிட நல்ல வழி, கண்ணுக்கு இரண்டு பிளஸ் 6.50 லென்ஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. குமிழ்ந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, குழிந்த பக்கங்கள் வெளியே. நடுவில் கறுப்புச் சார்ட் தாளில் வெட்டிய வளையம் ஒன்றை வையுங்கள், இல்லையென்றால் உரசிக் கீறல் விழும். இரண்டும் சேர்ந்தால் 13 வரும் என்று தோன்றும். நடுவில் கொஞ்சம் இடைவெளி இருப்பதால் 12.75-ஐ ஒட்டி நிற்கும், அதாவது சுமார் 78 மி.மீ. ஸ்புட்னிக்குக்கும் யாஷிகாவுக்கும் பொதுவான நடு அளவு. வளைவை இரண்டு லென்ஸ் பகிர்ந்துகொள்வதால் ஓரங்களும் ஒற்றை லென்ஸைவிடத் தெளிவாக இருக்கும்.

கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவு: பிளஸ் 6.50, சிலிண்டர் இல்லை, சிங்கிள் விஷன், நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், சி.ஆர்.-39 பிளாஸ்டிக், ஏ.ஆர். (ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும்) கோட்டிங்குடன். பாலிகார்பனேட் வேண்டாம், ஹை இன்டெக்ஸும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். “அதுதான் சார் லேட்டஸ்ட், மெல்லிசா இருக்கும்” என்பார்கள். மெல்லியதுதான், வண்ணத்தைச் சிதறடிப்பதும் அதுதான். வண்ணச் சிதறலைக் குறிக்கும் ஆபே எண் சி.ஆர்.-39-க்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30 அளவில். எண் குறையக் குறையச் சிதறல் கூடும். கண் லென்ஸிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கும்போது, படத்தின் ஓரத்தில் சி.ஆர்.-39 ஏறத்தாழ ஐந்து கோணநிமிட (ஒரு டிகிரியில் அறுபதில் ஒன்று ஒரு கோணநிமிடம்) அகலத்துக்கு நிறக்கரை காட்டும், பாலிகார்பனேட் ஒன்பதுக்கும் மேல். நல்ல கண்ணுக்கு ஒரு கோணநிமிடமே தெரியும். ரிப்பன் மாளிகை போன்ற வெள்ளைக் கட்டடம் நீல வானத்தின் முன் நிற்கும் படத்தை வைத்துப் பாருங்கள், ஓரத்துத் தூண்களில் ஊதாவும் மஞ்சளும் கரை கட்டுவது உடனே தெரியும். கண்ணை லென்ஸுக்கு நெருக்கினால் அந்தக் கரை மெலியும் என்பதையும் கவனியுங்கள். கண்ணைத் தள்ளி நிறுத்தும் ஆடம்பரமான ரப்பர்க் கப்பு இதனால் உதவியைவிட உபத்திரவம்தான்.

வெட்டாத லென்ஸ் 60 மி.மீ.-க்கு மேல் அகலமாக வரும். ஃபிட்டிங் செய்பவரிடம் 40 மி.மீ. அக்ரிலிக் வட்டம் ஒன்றை அச்சாகக் கொடுத்து வட்டமாக வெட்டச் சொல்லுங்கள். பவர் அளக்கும் லென்சோமீட்டரில் வைத்து ஒளி மையத்தில் புள்ளி போட்டபின், அந்தப் புள்ளியை நடுவாக வைத்து வெட்டினால்தான் மேலே சொன்ன 63 மி.மீ. கணக்கு நிற்கும். புள்ளியை அழிக்காமல் வாங்கி வாருங்கள், பொருத்தும்போது அளக்க உதவும்.

நிறக்கரையே வேண்டாம் என்றால் அக்ரோமேட். இரண்டு வகைக் கண்ணாடியை ஒட்டிச் செய்த இந்த லென்ஸில் ஒன்றின் சிதறலை மற்றது ஈடுகட்டிவிடும். 40 மி.மீ. விட்டம், 80 மி.மீ. குவியத் தூரம் என்று ஒளியியல் கருவிகள் விற்பவர்களிடம் இணையத்தில் ஆர்டர் செய்யலாம். விலை கூடுதல், பெட்டி சரியாக அமைந்தபின் வாங்குவது புத்தி. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய பைனாகுலர் கிடைத்தால் அதன் முன்பக்க லென்ஸும் அக்ரோமேட்தான், ஆனால் குவியத் தூரம் பொதுவாக 100 மி.மீ.-க்கு மேல் இருக்கும். ஒரே மாடலில் இரண்டு பைனாகுலர் கிடைத்தால் கண்ணுக்கு இரண்டிரண்டாக அடுக்கலாம், 160 மி.மீ. லென்ஸ் இரண்டு சேர்ந்தால் 80. வாங்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல் படர்ந்திருந்தால் பூஞ்சை, எண்ணெய்த் திட்டு போல் மினுங்கினால் ஒட்டு விட்டுவிட்டது. இரண்டுமே வேண்டாம்.

எந்தப் பக்கம் கண்ணுக்கு?

தட்டையான பக்கம், அல்லது குழிந்த பக்கம், கண்ணைப் பார்க்கட்டும். குமிழ்ந்த பக்கம் ஸ்லைடைப் பார்க்கட்டும். தொலைநோக்கியில் இதற்கு நேர்மாறு என்பதால் குழம்புவோர் உண்டு. அங்கே லென்ஸ் முழுவதும் ஒரே புள்ளிக்காக வேலை செய்கிறது. இங்கே மூன்று நான்கு மி.மீ. கண்மணி, லென்ஸின் சிறு பகுதி வழியாக ஒவ்வொரு மூலையையும் சாய்வாகப் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் கிராஃப் தாளைப் பின்னால் வைத்து இரண்டு விதமாகவும் திருப்பிப் பாருங்கள். ஓரக்கோடுகள் எந்த நிலையில் குறைவாக உள்நோக்கி வளைகின்றனவோ அதுவே சரி. அக்ரோமேட்டுக்கும் இதே சோதனை.

இன்னொரு குறை எல்லா எளிய லென்ஸிலும் உண்டு: குவியும் பரப்பு தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் லென்ஸை நோக்கி வளைந்திருக்கும். 80 மி.மீ. லென்ஸில் படத்தின் பக்க ஓரத்தில் இந்த வளைவு ஏறத்தாழ 3 மி.மீ., பவரில் சொன்னால் அரைக்குச் சற்றுக் குறைவு. நடுவைக் கூர்மையாக்கினால் ஓரம் மங்கும். கண்ணால் அதைச் சரிசெய்யவும் முடியாது. ஓரத்தைக் கூர்மையாக்கினால் நடுப்பகுதிக்குக் கண்ணே தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில் உள்ள ஒரு பொருளுக்கு ஃபோகஸ் வையுங்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு இந்தச் சலுகை குறைவு, அவர்தான் அக்ரோமேட் ஜோடியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஃபிலிம் சுருண்டிருந்தால் எந்த லென்ஸும் காப்பாற்றாது; கண்ணாடி மவுன்ட் போட்டுத் தட்டையாக்குங்கள்.

பொருத்துதல்

லென்ஸ்களைத் தாங்கும் பலகையை மட்டும் கையால் வெட்டாதீர்கள். 3 மி.மீ. அக்ரிலிக்கில் லேசர் வெட்டு போடும் கடையில் கொடுத்தால் இரண்டு வட்டங்களும் சொன்ன இடத்தில் நிற்கும். பக்கவாட்டில் அரை மி.மீ. தப்பினால் கண் மன்னிக்கும், மேல்கீழில் மன்னிக்காது. ஒரு லென்ஸ் மற்றதைவிட 1 மி.மீ. உயர்ந்தால் ஒரு கண் 0.7 டிகிரி மேலே பார்க்க வேண்டும். அப்படி ஒரு வேலையைக் கண்கள் வாழ்நாளில் செய்ததே இல்லை. கால் மி.மீ.-க்குள் நிறுத்துங்கள். இரு பக்க லென்ஸ்களின் குவியத் தூரமும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஒரு படம் பெரிதாகி, மூலைகளில் இதே மேல்கீழ்ச் சண்டை வரும். நான்கு லென்ஸ் வாங்கினால் எந்த ஜோடி எதற்கு நெருங்கி வருகிறது என்று மாற்றி மாற்றி அளந்து பாருங்கள்.

ஃபோகஸுக்கு ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி நகர்ந்தால் போதும். 80 மி.மீ. லென்ஸில் ஒரு பவருக்கு 6.4 மி.மீ. நகர்வு. மைனஸ் 3 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க, லென்ஸ் ஸ்லைடை நோக்கி 19 மி.மீ. போக வேண்டும். லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள தூரம் 60 முதல் 85 மி.மீ. வரை மாறும்படி வைத்தால் வீட்டில் உள்ள பெரும்பாலானோருக்குப் போதும். தூரத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி போட்டவர்கள் அதோடே பார்ப்பது நல்லது. அப்போதுதான் ஸ்லைடு குவியத் தூரத்திலேயே நிற்கும், மேலே சொன்ன நிலாக் கணக்கும் கெடாமல் இருக்கும். வெள்ளெழுத்துக்கு மட்டும் போட்டவர்கள் கழற்றிவிடலாம். படம் தொலைவில் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு தடுப்பு, உள்ளே முழுக்க மேட் கறுப்பு. பின்னால் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக், அதற்குப் பின்னால் ரிச்சி தெருவில் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி. பட்டை. அக்ரிலிக்கை ஸ்லைடோடு ஒட்டாமல் 20 மி.மீ. தள்ளி வையுங்கள், அதன் தூசி வானத்தில் புள்ளியாகத் தெரியாது.

பார்த்து முடித்ததும் லென்ஸுக்கு மூடி போடுங்கள். ஜன்னலோரம் திறந்து வைத்த வியூவரில் காலை வெயில் புகுந்தால், 80 மி.மீ. தள்ளி இருக்கும் ஸ்லைடில் குவிந்து ஓட்டை போட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் பெட்டியையும் ஸ்லைடுகளையும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்து எடுத்து மறுபடி போடலாம், அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காமல் இருந்தால் சரி.